எச்சூகாவை அட்டையில் வெட்டுகிறேன்: இதுவரை நடந்த வேலை

மலைப்பகுதியை அட்டையில் அடுக்குவது சுலபம். ஐம்பது மீட்டருக்கு ஓர் அட்டை என்று வெட்டி ஒட்டினால் மலை தானாக எழுந்து நிற்கும். எச்சூகா அப்படிப்பட்ட ஊர் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் வட எல்லையில், மர்ரே ஆற்றின் தென்கரையில் இருக்கும் சின்ன ஊர். எதிர்க்கரையில் மோவாமா, அது நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். இங்கிருந்து கடலைச் சேர ஆறு இன்னும் சுமார் 1,700 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஊரோ கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லை. கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு ஐந்தாறு சென்டிமீட்டர்தான் சரிவு.

இவ்வளவு தட்டையான இடத்தை எதற்கு எடுத்தேன் என்றால், அந்தத் தட்டைக்குள் ஒரு சுவர் இருக்கிறது. காரில் போகிறவர்களுக்கு அது தெரியாது. மோவாமாவிலிருந்து வடக்கே மதூராவுக்குப் போகும் காப் நெடுஞ்சாலையில் கிழக்குப் பக்கம் நிலம் லேசாக இறங்குவதைப் பார்த்து, ‘சின்ன மேடு’ என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அதுதான் கடேல் நிலப்பிளவு. எச்சூகா பக்கத்திலிருந்து டெனிலிக்வின் வரை தெற்கு வடக்காக ஓடுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அடுத்தடுத்து வந்த நிலநடுக்கங்களில் மேற்குப் பக்க நிலம் மேலே வந்தது. அதிகபட்ச உயரம் 15 மீட்டர் என்கிறார்கள். நாலு மாடிக் கட்டடம் உயரம்தான். ஆனால் கிலோமீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் சரிவில் வரும் ஆற்றுக்கு அது மலைத்தொடர்.

அதற்கு முன்னால் மர்ரே நேராக மேற்கே ஓடியது. அந்தப் பழைய தடம் இன்றும் மதூராவுக்கு மேற்கே வறண்டு கிடக்கிறது, பெயர் கிரீன் கல்லி. சுவர் எழுந்ததும் கிழக்கே தண்ணீர் தேங்கியது. மர்ரே வடக்கே சுற்றிக்கொண்டு, இன்று எட்வர்ட் ஆறு ஓடும் வழியாக டெனிலிக்வின் பக்கம் போனது. தெற்கிலிருந்து வந்த கோல்பர்ன் ஆறு தெற்கு முனையைச் சுற்றி எச்சூகா வழியாகப் போனது. வெகு காலம் கழித்துத்தான் மர்ரே பார்மா என்ற ஊர் அருகே ஒரு மணல்மேட்டை உடைத்துக்கொண்டு தெற்கே திரும்பி கோல்பர்னோடு சேர்ந்தது. ஆக, எச்சூகா படகுத்துறைக்கு முன்னால் இன்று மர்ரே ஓடுவது கோல்பர்னின் வீட்டில். இதை அட்டையில் கைக்குத் தட்டுப்படும்படி செய்ய முடியுமா என்பதுதான் என் வேலை.

உயரத் தரவுக்கு அலையவே வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய அரசின் புவியியல் துறை, விமானத்திலிருந்து லேசர் மூலம் அளந்த 5 மீட்டர் கட்டத் தரவை இலவசமாகத் தருகிறது. மர்ரே வெள்ளச் சமவெளிக்கு அது நன்றாகவே கிடைக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் துண்டுகளை ஒன்றாக்கி, ஒரு மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) போடச் சொன்னால், திரையில் வந்தது நூடுல்ஸ். பாசன வாய்க்கால், சாலைக் கரை, பண்ணை அணை, வயல் வரப்பு எல்லாமே ஒரு மீட்டர் உயரம் இருக்கும் அல்லவா, ஒவ்வொன்றும் தனக்கொரு கோடு கேட்கிறது. தரவை 50 மீட்டர் கட்டத்துக்கு மாற்றி, திடீர் மேடுபள்ளங்களைச் சமன்செய்யும் மீடியன் வடிகட்டி போட்டு, சின்னச் சின்னத் தீவுகளை சீவ் கருவியால் நீக்கிய பிறகு கோடுகள் அடங்கின. அப்போதுதான் அது தெரிந்தது. திரை முழுக்கக் கோடுகள் சோம்பலாக அலைய, நடுவில் ஒரே ஓர் இடத்தில் பத்துப் பன்னிரண்டு கோடுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு வடக்கே போகின்றன. எந்தப் புவியியல் கட்டுரையின் படத்தையும் விட இது எனக்குப் பிடித்திருந்தது.

அளவு 1:50,000. எச்சூகாவிலிருந்து மதூரா வரை, கிழக்கே பார்மா காடு உட்பட, தாள் 90 சென்டிமீட்டருக்கு 70 வருகிறது. இதே அளவில் உயரத்தையும் வைத்தால் 15 மீட்டர் சுவர் 0.3 மில்லிமீட்டர், அதாவது ஒரு கல்யாணப் பத்திரிகையின் தடிமன். அதனால் செங்குத்தாக ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் பைண்டிங் அட்டை. ஐம்பது மடங்கு மிகைப்படுத்தல். சுத்தமாகச் செய்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஆற்றின் கண்ணுக்கு நிலம் இப்படித்தான் தெரியும் என்பது என் கட்சி.

வெட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒவ்வொரு அட்டைக்கான அச்சிலும் அதன் கோட்டை முழுக்கோடாகவும், அதற்கு மேல் வரும் அட்டையின் கோட்டைப் புள்ளிக்கோடாகவும் போட்டுவிடுங்கள். ஒட்டும்போது எங்கே உட்கார வேண்டும் என்று தேட வேண்டாம். பிவிஏ என்ற வெள்ளைப் பசை தடவினால் இவ்வளவு பெரிய அட்டை ஈரத்தில் முறுக்கிக்கொள்கிறது. இரட்டைப் பக்க டேப்பும், ஓரங்களுக்கு மட்டும் மெல்லிய பசையும் போதும். நிலப்பிளவு வரும் இடத்தில் அட்டை விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுவதால் கட்டர் பிளேடை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. மொக்கைப் பிளேடு விளிம்பைப் பிசிறாக்கும், இந்த மாடலில் பார்க்க வேண்டியதே அந்த விளிம்பைத்தான். அடுக்கி முடித்து, கண்ணை மூடிக்கொண்டு கிழக்கிலிருந்து மேற்கே விரலை ஓட்டினால் முட்டுகிறது. வண்ணமே வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது.

வண்ணம் அடிக்காமல் ஆறுகளைக் காட்ட முடியாது. எச்சூகாவில் மர்ரேயின் அகலம் இந்த அளவில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. பழைய தடங்களுக்குக் காவி, இன்றைய தடங்களுக்கு நீலம். கிரீன் கல்லியின் காவிக்கோடு கிழக்கிலிருந்து வந்து, சுவரின் மேலேயே ஏறி, மேற்கே போகிறது. ஆறு மேடு ஏறாது. மேடுதான் ஆற்றின் கீழிருந்து எழுந்தது. விளக்க உரையே தேவையில்லாத இடம் இது.

நீலக்கோட்டில் கவனிக்க வேண்டியது பிக்னிக் பாயின்ட் என்ற இடத்திலிருந்து பார்மா வரை உள்ள துண்டு. ஆறு சுவரின் அடிவாரத்தில் தெற்கே இறங்கும் இந்தப் பகுதி, மர்ரேயின் நடுப்பகுதியிலேயே மிகக் குறுகலானது. பார்மா தொண்டை என்று சொல்லலாம். கரைமேல் வழியாமல் நாளொன்றுக்கு 10,000 மெகாலிட்டருக்கும் (ஒரு மெகாலிட்டர் பத்து லட்சம் லிட்டர்) குறைவாகத்தான் கடக்கும். ஆற்றின் வயதில் புதுத் தடம், இன்னும் அகலமாகவில்லை. மேலே ஹியூம் அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் கீழே திராட்சைத் தோட்டத்துக்கும் பாதாம் தோப்புக்கும் பெரும்பாலும் இந்தத் தொண்டை வழியாகத்தான் போக வேண்டும். மீறினால் காட்டுக்குள் பாயும். பாய்ந்ததால்தான் அங்கே ரெட் கம் காடு இருக்கிறது, அந்த மர வகைக்கு உலகிலேயே பெரிய காடு. நம்மூர்ப் புறம்போக்குகளில் தைல மரம் என்று நட்டு, நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று திட்டுகிறோமே, அதில் இதே ரெட் கம்மும் உண்டு, அறிவியல் பெயர் யூகலிப்டஸ் கமால்டுலென்சிஸ். சொந்த ஊரில் அது வருடக்கணக்கில் வெள்ளத்துக்குக் காத்திருக்கும் மரம். மாடலில் அதற்குக் கடற்பஞ்சுத் துணுக்குகளை ஆலிவ் பச்சையில் நனைத்து ஒட்டியிருக்கிறேன்.

அடுத்தது எல்லைக்கோடு. இதில்தான் நிறைய நேரம் போனது, வெட்டுவதில் அல்ல, படிப்பதில். 1850ஆம் ஆண்டுச் சட்டம் விக்டோரியாவைத் தனிக் காலனியாகப் பிரிக்க வழி செய்தபோது, கேப் ஹோ கடல்முனையிலிருந்து மர்ரேயின் ஊற்றுக்கு ஒரு நேர்கோடு, அங்கிருந்து ஆற்றின் போக்கிலேயே எல்லை என்று எழுதிவிட்டார்கள். 1855இல் இன்னொரு சட்டம், ஆறு முழுவதும் நியூ சவுத் வேல்ஸுக்கே என்றது. ஆகவே எல்லை ஆற்றின் நடுவில் இல்லை, தென்கரையில் இருக்கிறது. கரையில் எங்கே? நீர் விளிம்பிலா, மேட்டிலா? 1980இல் ஒரு கொலை வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (அந்நாட்டில் அதுவே உச்ச நீதிமன்றம்) இதற்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. தென்கரைச் சரிவில் நீரருகே மீன் பிடித்துக்கொண்டிருந்தவரைக் கரை மேட்டில் நின்றவர் சுட்டுவிட்டார். கரையின் உச்சி வரை நியூ சவுத் வேல்ஸ் என்று தீர்ப்பு. விக்டோரியா நீதிமன்றம் கொடுத்த தண்டனை செல்லாமல் போனது. எச்சூகாக்காரர் தன் ஊர்க் கரையிலேயே உட்கார்ந்து தூண்டில் போட்டாலும் அடுத்த மாநிலத்து மீன்பிடி உரிமம் வேண்டும் என்பதற்கு வேர் இங்கேதான்.

எல்லைக்குச் சிவப்பு நூல் ஒட்டியிருக்கிறேன், நீலத்தின் தெற்கு விளிம்பில், கரை உச்சி அட்டையின் மேல். ஒட்டும்போது தோன்றியது: மர்ரே அந்த மணல்மேட்டை உடைக்காமல் வடக்கே சுற்றியே ஓடிக்கொண்டிருந்தால், 1850இல் லண்டனில் எழுதிய அதே வாசகம் இந்தச் சிவப்பு நூலை டெனிலிக்வினுக்குக் கொண்டுபோயிருக்கும். எச்சூகா எல்லையூராக ஆகியிருக்காது. அநேகமாக ஊராகவே ஆகியிருக்காது.

ஏனென்றால் ஊரைக் கொண்டுவந்தது ஆற்றைக் கடக்கும் தேவைதான். வடகரையில் ஜேம்ஸ் மெய்டன் தோணித்துறை வைத்தார், அது மோவாமா. தென்கரையில் ஹென்றி ஹாப்வுட், தண்டனைக் கைதியாகக் கப்பலேற்றப்பட்டு வந்தவர், தனக்கொரு தோணி, பிறகு ஓட்டல் என்று வளர்ந்து எச்சூகாவுக்கு அடி போட்டார். 1864இல் மெல்பர்னிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. அதன் பிறகு நியூ சவுத் வேல்ஸ் உள்நாட்டின் கம்பளி மூட்டைகள் சிட்னிக்குப் போகாமல் துடுப்புச் சக்கர நீராவிப் படகுகளில் எச்சூகாவுக்கு வந்து மெல்பர்ன் ரயில் ஏறின. இரு காலனிகளின் சுங்க அதிகாரிகளும் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பழைய சுங்கச்சாவடிக் கட்டடம் இன்றும் எச்சூகாவில் நிற்கிறது. 1876இல் டெனிலிக்வினுக்கு மோவாமாவிலிருந்து போட்ட தனியார் ரயில் பாதைகூட விக்டோரியாவின் அகலப் பாதைதான். தண்டவாளம் எந்தத் தலைநகரைப் பார்க்கிறதோ, பணமும் அந்தப் பக்கம் போகும். இன்றும் மோவாமாவின் தொலைபேசி எண்கள் விக்டோரியாவின் 03இல்தான் தொடங்குகின்றன. பதிலுக்கு மோவாமாவும் லாபம் பார்த்தது: 1956இலேயே சூதாட்ட இயந்திரங்களை அனுமதித்த மாநிலம் அது, விக்டோரியாவோ 1990கள் வரை காத்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் பாலம் தாண்டினார்கள்.

படகுத்துறையைத் தனி மாடலாக 1:200 அளவில் தீக்குச்சியில் செய்கிறேன். ரெட் கம் மரத் தூண்களில் அடுக்கடுக்காகத் தளங்கள். நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் பல மீட்டர் ஏறி இறங்கும் என்பதால் எந்த மட்டத்திலும் சரக்கு இறக்க வசதி. உச்சத்தில் 332 மீட்டர் நீளம் இருந்தது. 1944இல் மெல்பர்னின் விறகுத் தட்டுப்பாட்டுக்காகப் பெரும்பகுதியைப் பிரித்துவிட்டார்கள். நிற்பது சுமார் கால்வாசி. குச்சிகளைக் கெட்டி டிகாஷனில் ஊறவைத்துக் காயவைத்தால் பழைய மர நிறம் அப்படியே வருகிறது. தீர்ப்பை இங்கே பொருத்திப் பார்த்தால் ஒரு வேடிக்கை: மேல் தளம் கரையைத் தொடும் இடம் விக்டோரியா, தூண்கள் ஊன்றியிருக்கும் சரிவு நியூ சவுத் வேல்ஸ். இங்கேயும் சிவப்பு நூல் தளத்துக்கு அடியில் போகிறது.

பெரிய மாடலில் ஊசிக்குறிகள் குறைவாகவே வைத்திருக்கிறேன். ஒன்று கம்மராகஞ்சா, பார்மாவுக்கு எதிரே, வடகரையில். இது யோர்ட்டா யோர்ட்டா என்ற பழங்குடி மக்களின் மண். கடேல் சுவருக்கும் ஆறு திரும்பியதற்கும் அவர்களிடம் அவர்களுடைய கதைகள் இருக்கின்றன. 1939 பிப்ரவரி 4 அன்று, அரசு நடத்திய அந்தக் குடியிருப்பின் கெடுபிடி தாங்காமல் இருநூறு பேர் வரை வீட்டைவிட்டுக் கிளம்பி, ஆற்றைத் தாண்டி பார்மா கரையில் முகாமிட்டார்கள். குடியிருப்பை நடத்திய நியூ சவுத் வேல்ஸ் பழங்குடியினர் வாரியத்தின் கை நீளாத இடம் அது. கரை உச்சியில் ஓடும் நூல் அன்றைக்கு அவர்களுக்குப் பயன்பட்டது. அவர்களில் பலருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மொரீஷியஸில் பிறந்த இந்திய வம்சாவளியினர். அவரைத் தமிழர் என்றே குறிப்பிடுகிறவர்கள் உண்டு. உரிமைப் போராளி வில்லியம் கூப்பரின் சகோதரியை மணந்து அந்தச் சமூகத்திலேயே வாழ்ந்தவர். பின்னாளில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரான டக்ளஸ் நிக்கோல்ஸ் படித்ததும் கம்மராகஞ்சா பள்ளியில்தான். இந்த ஊசிக்கு மட்டும் பித்தளைத் தலை.

எச்சூகாவில் ஆற்றின்மேல் இரண்டு பாலங்களை ஒட்டியாயிற்று: 1878இல் திறந்த இரும்புப் பாலம், 2022 ஏப்ரலில் திறந்த துங்காலா பாலம். நடுவில் 2020 ஜூலை 8 அன்று கொரோனாவுக்காக மாநில எல்லையை மூடியபோது சாலைக்கு இருந்தது பழைய பாலம் ஒன்றுதான். புதுப் பாலம் திறந்த அதே வருடம் அக்டோபரில் வெள்ளம். எச்சூகாவில் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 95 மீட்டரை ஒட்டி வந்து, 1993 வெள்ளத்தைத் தாண்டியது. ஊருக்குள்ளேயே அவசரமாக மண் கரை எழுப்பினார்கள், சில வீடுகள் கரைக்கு ஆற்றுப் பக்கத்தில் மாட்டிக்கொண்டன.

அந்த வெள்ளத்தைக் காட்ட 95 மீட்டர் அட்டை வரை நீலம் அடித்தால் போதுமா என்று கேட்டார்கள். போதாது. வெள்ளத்தின் மேற்பரப்பும் சரிவாகத்தான் இருக்கும், பார்மா பக்கம் அதே தண்ணீர் இன்னும் உயரத்தில் நிற்கும். நீர்மட்ட அளவீட்டு நிலையங்களின் உச்ச அளவுகளை இணைத்து ஒரு சாய்தளம் போட்டு, அதை நிலத் தரவிலிருந்து கழித்துக்கொண்டிருக்கிறேன். வந்தவுடன் அதை ஒளிபுகும் நீல ஃபிலிமில் வெட்டி, எடுத்து வைக்கும்படி மேலே பொருத்துவதாக உத்தேசம். ஃபிலிமின் மேற்கு விளிம்பு கடேல் சுவரில் எவ்வளவு தூரம் ஒட்டிப்போகிறது என்பதைப் பார்க்கத்தான் ஆவல்.

அது முடிந்தால் வடக்குத் தாள், மதூராவிலிருந்து டெனிலிக்வின் வரை. எட்வர்ட் ஆறு சுவரின் வடமுனையைச் சுற்றும் இடம் அதில்தான் வருகிறது. தரவை இறக்கி வைத்துவிட்டேன். பைண்டிங் அட்டை தீர்ந்துவிட்டது. இந்த முறை 0.8 மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது என்கிறார் கடைக்காரர், இரண்டு தாளும் சேரும் இடத்தில் படி விழும் என்பதால் ஒரு மில்லிமீட்டருக்கே சொல்லிவைத்திருக்கிறேன்.