நாற்பது வயதுக்கு மேல் முதல் வலுதூக்கும் போட்டி

வடசென்னையில், எங்கள் தண்டையார்பேட்டையில் ஒரு பிள்ளை பாக்ஸிங் போகிறது, ஃபுட்பால் ஆடுகிறது என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இரண்டு பிள்ளை பெற்ற நான் வலுதூக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்ததும் தெருவே கேட்டது. "கனம் தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடாதா?" என்பதுதான் முக்கியமான கேள்வி. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. மகப்பேறு மருத்துவரிடம் போனேன். பரிசோதித்துவிட்டு, இறக்கம் எதுவும் இல்லை, எடையைப் படிப்படியாகக் கூட்டுங்கள் என்றார். அதற்கப்புறம்தான் போட்டிக்குப் பணம் கட்டினேன்.

இதில் மூன்று வகை: கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. மூன்று நடுவர்களில் இரண்டு பேராவது வெள்ளை விளக்குப் போட்டால்தான் தூக்கியது செல்லும். ஜிம்மில் நன்றாகத் தூக்குகிற பெண்கள்கூட மேடையில் தடுமாறுவது நடுவரின் கட்டளைகளில்தான். பெஞ்ச் பிரஸில் 'ஸ்டார்ட்' வந்த பிறகுதான் கம்பியை இறக்கலாம். நெஞ்சில் அது அசையாமல் நின்றால்தான் 'பிரஸ்' என்பார்கள். மேலே போய் நிலைத்ததும் 'ராக்', அதாவது கம்பியைத் தாங்கியில் திரும்ப வை. டெட்லிஃப்டில் 'டவுன்' காதில் விழும்வரை நிமிர்ந்தே நிற்க வேண்டும். ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முழங்காலின் உச்சியைவிடக் கீழே போக வேண்டும். வண்ணாரப்பேட்டையில் எங்கள் ஜிம் மாஸ்டர் கடைசி வாரங்களில் எடையைக் குறைத்துவிட்டு இந்தக் கட்டளைகளை மட்டுமே பழக்கினார். "அக்கா, உடம்பு ரெடியாயிடுச்சு. இப்போ காதைப் பழக்கணும்" என்பார். நல்ல மாஸ்டர் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

உடை விஷயத்தைப் பெண்கள் கூச்சப்பட்டுக்கொண்டுதான் கேட்கிறார்கள். போட்டிக்குப் போடும் ஒரே துண்டு உடையான சிங்லெட் உடம்போடு ஒட்டித்தான் இருக்கும், ஆனால் உள்ளே டி-ஷர்ட் போட்டுக்கொள்கிறோம். நான் கம்பி வைக்காத உள்ளாடை போட்டுக்கொண்டேன். டெட்லிஃப்டுக்கு முன்னங்காலை மூடும் சாக்ஸ் கட்டாயம், கம்பி அங்கே உரசிக்கொண்டு வரும். பெரியமேட்டில் ஃபுட்பால் சாக்ஸ் வாங்கிக்கொண்டேன், போதுமானதாக இருந்தது. அன்று காலை கை கால்களில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், உடம்பில் எண்ணெய்ப் பசை கூடாது. தொடையில் டால்கம் பவுடர் போட்டுக்கொள்ளலாம். ஜடையைத் தூக்கிக் கொண்டை போடுங்கள், இல்லையென்றால் ஸ்குவாட்டில் கம்பிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

உடம்பு எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கியது. மூடிய அறை, பெண் அதிகாரிகள். அதுவரை மனதில் இருந்த பாரம் அங்கேயே இறங்கியது. நான் 63 கிலோ பிரிவு. முதல் போட்டிக்காகப் பட்டினி கிடந்து எடை குறைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். முந்தின இரவும் இட்லி சாப்பிட்டேன். மாதவிடாய் சமயத்தில் உடம்பில் நீர் கோத்து எடை ஏறும் பெண்கள், பிரிவைக் கொஞ்சம் தாராளமாகவே தேர்ந்தெடுக்கட்டும்.

முதலில் தூக்கப்போகும் எடையை அந்த அறையிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றில் தோற்றால் அதே எடையை மறுபடி முயலலாம், அதற்குக் கீழே இறங்க முடியாது. மூன்று வகைகளில் ஏதாவது ஒன்றில் மூன்று வாய்ப்பும் போனால் மொத்தக் கணக்கிலேயே இடமில்லை. அதனால் தூக்கத்தில் எழுப்பினாலும் தூக்கக்கூடிய 70 கிலோவைத்தான் ஸ்குவாட்டுக்கு எழுதினேன். முதல் முறை மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தபோது கண் கலங்கிவிட்டது. முடிவில் ஸ்குவாட் 85, பெஞ்ச் 42.5, டெட்லிஃப்ட் 110. மொத்தம் 237.5 கிலோ.

பார்க்க வந்த எங்கள் தெருப் பெண்கள் சிலர் இப்போது அதே ஜிம்முக்கு வருகிறார்கள். வீட்டு வேலை முடிந்த பிறகு, முற்பகலில் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்க மாஸ்டர் ஒத்துக்கொண்டிருக்கிறார். போட்டியில் 14 வயதில் சப்-ஜூனியர் பிரிவு தொடங்குகிறது, 40-இல் மாஸ்டர்ஸ் பிரிவு. ஒரு அம்மாவும் மகளும் அடுத்த மாவட்டப் போட்டிக்குச் சேர்ந்தே பெயர் கொடுக்கப் போகிறார்கள்.