காத்திருக்க முடியாத கிழங்கு

பொங்கல் முடிந்த வாரத்தில் எங்கள் காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கினோம். ஆத்தூருக்குக் கிழக்கே, வசிஷ்ட நதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மூன்று ஏக்கர் அது. நதியில் தண்ணீர் பார்த்த ஆண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் சேலத்தில் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவன், ஆண்டில் பத்து நாள் மட்டும் விவசாயி. இந்த முறை அப்பாவுடன் லாரியில் ஏறி, ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலை வரைக்கும் போனேன்.

மரவள்ளியை எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்பார்கள். ஆலையில் அதற்கு எடையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை, புள்ளி, அதாவது மாவுச்சத்தின் அளவு, பார்த்துப் போடுகிறார்கள். லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை ஒரு கூடையில் அள்ளி, மண்ணைத் தட்டிவிட்டு முதலில் அப்படியே எடை பார்க்கிறார்கள். பிறகு அதே கூடையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி மறுபடியும் பார்க்கிறார்கள். மாவுச்சத்து தண்ணீரைவிட அடர்த்தியானது என்பதால், மாவு கூடக்கூட நீருக்குள்ளும் கிழங்கு கனம் காட்டும். இந்த முறையில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் எந்தக் கிழங்கைக் கூடையில் போடுவது என்பது அள்ளுகிற கையைப் பொறுத்தது. அன்று அள்ளியவர் லோடின் ஓரத்தில் கிடந்த சூம்பிய கிழங்குகளாகப் பார்த்து எடுத்தார். "ஏங்க, நடுவுல இருந்தும் ரெண்டு எடுத்துப் போடுங்க" என்றார் அப்பா. அள்ளியவர் நிமிரவே இல்லை. டன்னுக்கு ஒரு புள்ளி 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 28 புள்ளி காட்டும் கிழங்கு டன் 7000 ரூபாய்க்குப் போகும், 26 காட்டினால் 6500தான். 12 டன் லோடில் 6000 ரூபாய் அந்தத் தொட்டித் தண்ணீரில் கரைந்துவிடும்.

லாரியைத் திருப்பிக்கொண்டு வேறு ஆலைக்குப் போயிருக்கலாமே என்று அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெட்டுவிடும் என்பதும், வாடகை லாரி வாசலில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு என்பதும், பிடுங்கியவர்களுக்கு அன்று மாலையே கூலி எண்ண வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. பத்து மாதம் மண்ணுக்குள் கிடந்த பொருளை வெளியே எடுத்த பிறகு, விவசாயியின் பேரத்துக்கு உயிர் இரண்டு நாள்தான். பிடுங்காமல் தள்ளிப்போடலாம் என்றால், இடையில் ஒரு மழை பெய்தாலும் புள்ளி இறங்கிவிடுகிறது.

அதே கிழங்கு ஆலைக்குள் போய் அரைபட்டு, பால் வடிந்து, மாவு படிந்து, உருண்டு, வறுபட்டு ஜவ்வரிசியாக வெளியே வரும்போது அதன் ஆயுள் நாள் கணக்கிலிருந்து மாதக் கணக்குக்கு மாறிவிடுகிறது. வடக்கே நவராத்திரி, சிவராத்திரி விரதங்களுக்குக் கிராக்கி ஏறும்வரை அது மூட்டையில் காத்திருக்கும். எங்கள் மாவட்டத்தின் கூட்டுறவு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கதை இங்கேதான் வருகிறது. சிறிய ஆலைக்காரர்கள் கிடங்கும் கடனும் இல்லாமல், வியாபாரி சொன்ன விலைக்கே ஜவ்வரிசியைக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அதற்கு விடையாக 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் உருவானது. சரக்கைக் கிடங்கில் வைக்கலாம், அதன்பேரில் முன்பணம் வாங்கலாம், ஏலத்தில் விலை படிந்தால் விற்கலாம். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. காத்திருக்கும் வசதியைக் கொடுத்தால் விற்பவனின் கை ஓங்கும் என்பதற்கு வேறு ஊருக்குப் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் ஆலை உற்பத்தியாளர்கள்; கிழங்கு போடுகிறவர்கள் அல்லர்.

அரசு எங்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கு எழுதுகிறவன் வரவை மறைக்கக் கூடாது. 1990 முதல் எங்கள் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பது மத்திய அரசின் மானியத்தால்தான். சிறு, குறு விவசாயி என்பதால் சொட்டுநீர்க் குழாய்க்கு முழு மானியம் வந்தது. கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6000 ரூபாய் அப்பாவின் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. அந்தத் தொகையும் மேலே சொன்ன இரண்டு புள்ளியும் ஒன்று என்பதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இவற்றுள் பெரும்பாலானவை விதைக்கும் பக்கத்தில் வருகின்றன. விற்கும் பக்கத்தில் எங்களுக்கு எதுவும் இல்லை. பயிர்க் காப்பீடுகூட மகசூல் விழுந்தால்தான் பேசும். விலை விழுந்தால் வாய் திறக்காது.

நெல்லுக்கு இந்த நிலை இல்லை. 2025-26 பருவத்தில் சாதாரண நெல் குவிண்டாலுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2369 ரூபாய். அதோடு மாநில அரசின் ஊக்கத்தொகை 131 சேர்ந்து 2500 ஆகிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் சாக்குத் தட்டுப்பாடு, ஈரப்பதத் தகராறு, மழையில் நனையும் குவியல் எல்லாம் உண்டு என்றாலும், விலை என்று சொல்ல ஓர் எண் இருக்கிறது. அந்த எண் போதுமா என்பது வேறு வழக்கு. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 விழுக்காடு வைத்து ஆதரவு விலை தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2018-19 முதல் அப்படித்தான் தருகிறோம் என்று அரசு சொல்லும் கணக்கில் கைச்செலவும் குடும்ப உழைப்பும் இருக்கின்றன; சொந்த நிலத்துக்கான குத்தகை மதிப்பும் சொந்த நிலையான முதலுக்கான வட்டியும் இல்லை. ஆனாலும், குறைவான எண்ணைப் பற்றிச் சண்டை போட நெல்லுக்காரருக்கு இடம் இருக்கிறது. எண்ணே இல்லாதவர் எதைப் பிடித்துச் சண்டை போடுவார்?

மரவள்ளி வணிகப் பயிர்தானே, நாட்டின் உணவுப் பாதுகாப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். பசி வந்த காலங்களில் இந்தக் கேள்வி எழவில்லை. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் இதைப் பயிரிடச் சொன்னது அரிசிக்கு மாற்றாகத்தான். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது கேரளத்தின் அடுப்புகளில் வெந்தது கப்பை என்ற இந்த மரவள்ளிதான். அதே போர் தென்கிழக்காசிய ஜவ்வரிசியின் வரத்தையும் நிறுத்தியதால்தான் சேலத்தில் இந்தத் தொழில் பிறந்தது. பிறந்த சூட்டிலேயே, 1944இன் உணவுப் பஞ்சத்தில், மக்கள் தின்னக்கூடிய கிழங்கை ஆலைக்குக் கொடுக்கக் கூடாது என்று மாவட்ட ஆட்சியர் தடை போட்டார், ஆலைக்காரர்கள் சென்னை வரை போய் முறையிட்டுத் தடையை நீக்கினார்கள். ஒரு காலத்தில் அரசாணை போட்டுக் காக்கும் அளவுக்கு உணவாக இருந்த பொருள், ரேஷன் அரிசி நிறைந்த பிறகு உணவுக் கணக்கிலிருந்தே விழுந்துவிட்டது. கிடங்கில் அடுக்கக்கூடியதை மட்டுமே உணவுப் பாதுகாப்பு என்று எண்ணப் பழகியிருக்கிறோம். குறைந்த நீரில், மானாவாரியிலும் தாக்குப்பிடித்து விளையும் கிழங்குக்கு அந்தக் கணக்கில் இடமில்லாதது எனக்குச் சரியாகப் படவில்லை.

செய்ய முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. கேரள அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருள்களுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 விழுக்காடு வைத்து அடிப்படை விலை அறிவித்தது. அதில் மரவள்ளிக்கு அன்று கிலோ 12 ரூபாய். அங்கே அது சாப்பாட்டுக்குப் போகும் கிழங்கு, இங்கே ஆலைக்குப் போவது, அளவும் பல மடங்கு அதிகம் என்பது உண்மைதான். அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாது. ஆலைக்காரர்களுக்கு 1981இல் கிடைத்த வசதி கிழங்கு போடுகிறவர்களுக்கும் ஏதாவது ஒரு வடிவத்தில் கிடைத்தால் போதும் என்பேன்: பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்து கூலி கொடுத்துக் கிழங்கை அரைத்து, மாவாகத் தங்கள் பெயரிலேயே கிடங்கில் வைக்கலாம். அதற்கு முன்னால், புள்ளி பார்க்கும் கூடையில் பாதியை விற்பவர் அள்ளிப் போடலாம் என்ற ஒரு விதி வந்தால், அதற்கு அரசுக்குப் பைசா செலவில்லை.

எங்களுக்குச் செலவு வைக்காத உதவி எப்படி இருக்கும் என்பதை ஒருமுறை பார்த்தும் இருக்கிறோம். 2020க்குப் பிறகு மாவுப்பூச்சி வந்து எங்கள் வயல்களில் கொழுந்தையெல்லாம் கூம்பவைத்தது. மருந்து அடித்து அடித்துச் சலித்துப்போன நேரத்தில், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற கடுகளவு குளவியைப் பெங்களூரு ஆராய்ச்சி நிறுவனம் வரவழைத்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் அந்தக் குளவியை அப்பா இன்றும் "கவர்மென்ட் கொசு" என்றுதான் சொல்கிறார்.

பிடுங்கிய செடிகளின் குச்சிகளைக் கட்டுக் கட்டாக வேப்பமரத்து நிழலில் நிறுத்திவைத்திருக்கிறார். மூன்று ஏக்கருக்கும் போதுமான குச்சி அது. போன வாரம் தொலைபேசியில், ஒன்றரை ஏக்கருக்கு மட்டும் நடப் போவதாகவும் மீதியில் மக்காச்சோளம் போடுவதாகவும் சொன்னார். ஆதரவு விலைப் பட்டியலில் பெயர் இருந்தாலும் மக்காச்சோளத்துக்கு நெல்லைப் போலக் கொள்முதல் நிலையம் பக்கத்தில் இல்லையே என்றேன். "காயவெச்சு மூட்டை கட்டி வீட்டுல போட்டுக்கலாம் கண்ணு" என்றார். ஜவ்வரிசியில் கலப்படமாகச் சேர்ந்து எங்கள் கிழங்கின் விலையை இறக்குவது அந்த மக்காச்சோள மாவுதான் என்பது அவருக்கும் தெரியும்.