டிஷியனின் டயானாவும் என் முதல் இலண்டன் ஆண்டுகளும்

அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்த காலத்தில் எனக்கு வேலை செய்ய அனுமதி இருக்கவில்லை. ஆங்கில வகுப்பு முடிந்தால் மாலை வரை போக ஓர் இடமும் இருக்கவில்லை. ட்ரஃபால்கர் சதுக்கத்திலுள்ள நேஷனல் கேலரி என்ற ஓவியக் கூடத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, உள்ளே குளிரும் இல்லை என்று உடன் படித்த பெண்ணொருத்தி சொன்னதால் அங்கே போகத் தொடங்கினேன். டயானாவை அங்கேதான் அறிந்துகொண்டேன்.

கிரேக்கர் ஆர்டெமிஸ் என்றும் உரோமர் டயானா என்றும் வணங்கிய இத்தெய்வம் நிலவுக்கும் வேட்டைக்கும் உரியவள். தலையில் சிறு பிறை, கையில் வில், அருகே வேட்டைநாய் அல்லது மான் இருந்தால் ஐரோப்பிய ஓவியத்தில் அவளை இனங்கண்டுவிடலாம். வேட்டுவர் போற்றிய கொற்றவையைப் பள்ளியில் படித்த எனக்கு அவள் அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனால் வெனிஸ் ஓவியர் டிஷியன், ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்காக 1556 முதல் 1559 வரை வரைந்த இரு படங்களில் காணும் அவளது சினம் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது.

முதற்படத்தில், காட்டில் வழிதவறிய ஆக்டியன் என்ற இளைஞன், டயானா தோழியரோடு நீராடும் இடத்துக்கு வந்துவிடுகிறான். சிவப்புத் திரை விலகியிருக்கிறது. அவன் கை உயர்த்தித் திகைக்கிறான். வலப்பக்கம் டயானா துணியைத் தூக்கி உடலை மறைத்தபடி ஓரக்கண்ணால் அவனை முறைக்கிறாள். அவள் காலடியில் ஒரு குட்டி நாய் குரைக்கிறது. நடுவிலுள்ள தூணின்மீது மானின் மண்டையோடு ஒன்று இருக்கிறது. அவனுக்கு நேரப்போவதை ஓவியர் அங்கேயே வைத்துவிட்டார் என்பது கதையை அறிந்த பிறகே எனக்குப் புரிந்தது.

கதை உரோமக் கவிஞர் ஓவிட் சொன்னது. அது விதியின் பிழையேயன்றி அவன் செய்த குற்றமன்று என்று அவர் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். டயானா அவனை மானாக்குகிறாள். அவன் வளர்த்த நாய்களே அவனைத் துரத்துகின்றன. 'நான்தான் ஆக்டியன், உங்கள் எசமானன்' என்று கத்த அவன் விரும்புகிறான், சொல் வரவில்லை. இரண்டாம் படத்தில் டயானா விரல் நீட்டித் துரத்தும் தோழி கலிஸ்டோவின் கதையும் அப்படியே: டயானாவின் உருவில் வந்து ஏமாற்றிய தேவர் தலைவன் ஜூபிட்டரால் கருவுற்றவள் அவள்; பின்னர் ஜூபிட்டரின் மனைவி ஜூனோ அவளைக் கரடியாக்கி, பேச்சையும் பறிக்கிறாள். விண்ணப்பத்துக்கான நேர்காணலில் நான் பத்து வாக்கியங்களில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஒரே வாக்கியத்தில் முடித்தபோது, திருத்திச் சொல்ல வேண்டிய ஆங்கிலம் என்னிடம் இல்லாமல் அமர்ந்திருந்தவள் நான். ஆகவே, இக்கதைகளில் தண்டனையின் உச்சம் உருமாற்றம் அன்று, பேச்சிழப்பே என்று எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மூன்றாவது படமான 'ஆக்டியனின் மரணம்' டிஷியன் 1576இல் இறக்கும்வரை அவரிடமே இருந்தது. இடப்புறம் டயானா பெரிதாக, வில்லை நீட்டியபடி விரைகிறாள். வில்லில் நாண் தெரியவில்லை, அம்பும் இல்லை. தொலைவில் மான் தலையும் மனித உடலுமாக அவன் நாய்களிடையே சாய்கிறான். மங்கிய பழுப்பும் மஞ்சளுமான அந்தக் காட்டில் ஓவியரின் இரக்கம் யாருக்கானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்த மூன்றாவது படம் 1972இல் இலண்டன் கூடத்துக்கு வாங்கப்பட்டது. மற்ற இரண்டையும் இலண்டன் கூடமும் ஸ்காட்லாந்தின் தேசிய ஓவியக் கூடங்களும் சேர்ந்து 2009இல் 5 கோடி பவுண்டுக்கும் 2012இல் 4.5 கோடி பவுண்டுக்கும் வாங்கின. அவை இலண்டனுக்கும் எடின்பரோவுக்குமிடையே மாறி மாறிச் செல்வதால், பார்க்க விரும்புவோர் எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது.