பழைய காமெட் லாரி வாங்கினேன்: ஆர்.சி.யில் இருந்த ஒரு வரிக்காக ஏழு மாத அலைச்சல்

போன வெள்ளிக்கிழமை என் பெயருக்கு மாறிய ஆர்.சி. கார்டு தபாலில் வந்தது. லாரிக்கு விலை பேசி முன்பணம் கொடுத்தது சித்திரையில். நடுவில் ஓடியது ஏழு மாதம். பழைய லாரி ஒன்றை வாங்கி ஆசைக்குச் சரிசெய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே விசாரித்துவிட்டார்கள், அவர்களும் நான் விழுந்த அதே பள்ளத்தில் விழக்கூடாது, அதனால் எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

வண்டி 1981ல் பதிவான அசோக் லேலண்ட் காமெட். மூக்கு நீட்டாத தட்டை முகம், டிரைவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே இன்ஜின், அதன்மேல் ஒரு மூடி. எண்ணூர் தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸிஸாக (அடிச்சட்டமாக) வந்ததற்கு இங்கே பட்டறையில் மரச்சட்டம் போட்டுத் தகரம் அடித்துக் கேபின் கட்டியிருக்கிறார்கள். புதுவயல் அரிசி ஆலைகளுக்கு என் அப்பா லோடு அடித்த லாரி இதே ரகம்தான். அந்த இன்ஜின் மூடிமேல் சாக்கை மடித்துப் போட்டுத் தூங்கி வளர்ந்தவன் நான். அதனால் வேறு வண்டி பார்க்கும் யோசனையே எனக்கு வரவில்லை.

பள்ளத்தூர் பக்கம் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில், வேப்பமரத்தடியில் 1998லிருந்து நின்றுகொண்டிருந்தது. வீட்டு ஆச்சிக்கு எண்பதைத் தாண்டிய வயது. காயலான் கடைக்காரர் ஒருவர் கிலோ கணக்கில் விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். "அவுக வச்சிருந்த வண்டி தம்பி, வெட்டிப் போடுறதுக்குக் குடுக்க மனசு வரல" என்றார் ஆச்சி. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்குப் பேசி முடித்தோம், அதில் இருபதாயிரம் முன்பணம்.

இரும்பைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய குறை இல்லை. கேபின் தரைப்பலகையைக் கரையான் தின்றிருந்தது, முன் கண்ணாடிக்குக் கீழே இருந்த மரம் கையால் பிய்த்தால் வந்தது. சேஸிஸ் சட்டம் மட்டும் நேராக, வெல்டிங் ஒட்டு எதுவும் இல்லாமல் இருந்தது, எனக்கு வேண்டியதும் அதுதான். இன்ஜின் இறுகிப்போயிருந்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றி ஆறு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் விட்டோம், பத்தாவது நாள் கம்பி போட்டு அழுத்தினதும் கால் சுற்று நகர்ந்தது. கூட இருந்த பிட்டர் என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

காகிதத்துக்கு வருகிறேன். இங்கேதான் நான் ஏமாந்தேன். ஆர்.சி. புத்தகம் இருக்கிறது என்று ஆச்சி சொன்னதும் நான் பார்த்தது முதல் பக்கத்தை மட்டும். சேஸிஸ் நம்பர் சரி, இன்ஜின் நம்பர் சரி. புத்தகத்தைப் புரட்டி எல்லாப் பக்கத்தையும் படித்திருக்க வேண்டும். நாலாவது பக்கத்தில் மங்கிய ஊதா முத்திரை ஒன்று, ஹெச்.பி. பதிவு, அதாவது வண்டிமேல் பைனான்ஸ் கடன் இருக்கிறது என்ற குறிப்பு. உள்ளூர் பைனான்ஸ் ஒன்றில் கடன் வாங்கித்தான் வண்டி எடுத்திருக்கிறார்கள், கடன் அடைந்த பிறகு ஹெச்.பி.யை யாரும் நீக்கவில்லை. அந்த பைனான்ஸ் மூடி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அதற்கு முன்னால் பெயர்ச் சிக்கல் ஒன்று. ஆச்சியின் கணவர் தவறிவிட்டதால் வண்டி நேராக என் பெயருக்கு வராது. முதலில் வாரிசு ஒருவர் பெயருக்குப் படிவம் 31ல் மாற்ற வேண்டும், பிறகு அவரிடமிருந்து எனக்குப் படிவம் 29, 30ல். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். ஆர்.சி.யில் பெரியவர் பெயருக்கு முன்னால் நாலு எழுத்து விலாசம் (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்) இருந்தது, இறப்புச் சான்றிதழில் ஒற்றை இனிஷியல். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான், ஆனால் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆர்.டி.ஓ. அலுவலக எழுத்தருக்கு அது இரண்டு வேறு ஆள். இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கித் தாருங்கள் என்றார். அதற்கு இரண்டு வாரம் போனது. செட்டிநாட்டு வீடுகளில் வண்டி வாங்குகிறவர்கள் ஆர்.சி., இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூன்றிலும் இனிஷியலை முதல் நாளே ஒத்துப் பாருங்கள்.

மூன்று பிள்ளைகளில் இளையவர் மலேசியாவில் இருக்கிறார். அங்கேயே ஒரு நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு அனுப்பினார், செல்லாது என்று திரும்பியது. வெளிநாட்டில் எழுதித் தருவதானால் நம் நாட்டுத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கியிருக்க வேண்டுமாம், யாரும் முன்னால் சொல்லவில்லை. ஆவணியில் வீட்டுப் படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) அவரே வந்தார். படைப்புக்கு மறுநாள் காலை முத்திரைத்தாளோடு போய் நின்றேன், இலை போடுவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இதற்கிடையில் இன்னொரு தலைவலி. கம்ப்யூட்டரில் நம்பரைப் போட்டால் அப்படி ஒரு வண்டியே இல்லை என்று வந்தது. நம் சிவகங்கை மாவட்டம் 1985ல் பிரிந்தது, இந்த வண்டி அதற்கு முன் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் பதிவானது, இப்போது இருக்கிற டிஎன் 63 வரிசையெல்லாம் அப்போது கிடையாது. கையால் எழுதிய பி ரிஜிஸ்டர் என்ற அலுவலகப் பதிவேட்டில்தான் பதிவு இருக்கும், அதன் நகலை எடுத்து பேக்லாக் என்ட்ரி போட்டால்தான், அதாவது பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான், ஆன்லைனில் எதுவும் நகரும். ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டால் இங்கே இல்லை, அங்கே போங்கள் என்பார்கள். அங்கே போனால் ரிஜிஸ்டர் பிரிவினையின்போதே அனுப்பியாகிவிட்டது என்பார்கள். மூன்று முறை பஸ் ஏறி இறங்கினேன். மூன்றாவது முறை போன அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வெளி ஆய்வுக்குப் போய்விட்டார், மாலை ஐந்தரை வரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். கடைசியில் வயதான ஒரு பதிவறை உதவியாளர், நம்பரைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய் இருபது நிமிடத்தில் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த மனிதருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

சரி, ஹெச்.பி. விஷயம். கடன் தீர்ந்தது என்று பைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட படிவம் 35 இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார் எழுத்தர். அது சட்டம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. பைனான்ஸே இல்லையே என்றால், "அப்ப வண்டியே வேண்டாம்னு விட்டுடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் இன்னும் ஆறவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் புதிதாக ஒரு காகிதம் இல்லை என்பார், முழுப் பட்டியலை ஒரே தடவையில் சொல்லமாட்டார். நாலாவது தடவை நான் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, பைனான்ஸ் மூடிவிட்ட நிலையில் ஹெச்.பி. நீக்க என்னென்ன ஆவணம் வேண்டும் என்று ஒரு மனுவாக எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டாவது நாள் எழுத்தில் பதில் வந்தது: கடன் தீர்ந்ததற்கு ஆதாரம், பழைய பங்குதாரர் ஒருவரின் உறுதிமொழிப் பத்திரம், அவர் கையெழுத்திட்ட படிவம் 35. இதை முதல் வாரமே செய்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். மனுவைக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள்.

பங்குதாரர்களில் உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர், தேவகோட்டையில். கண் சரியாகத் தெரியவில்லை, நினைவு அபாரம். வண்டி நம்பரைச் சொன்னதும், "பள்ளத்தூர் லோடு வண்டி, தவணை தப்பாமக் கட்டுனவுக" என்றார். அவர் மகன் என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். துணி அட்டை போட்ட பேரேடுகள் வருட வாரியாக அடுக்கி, வசம்பு போட்டு வைத்திருந்தார்கள். தொழிலை மூடியும் கணக்கை வீசவில்லை. ஒரு மணி நேரம் புரட்டினோம். அட்சய வருடம் ஆவணி 12, கடைசித் தவணை வரவு, பாக்கி இல்லை, அடியில் இரட்டைக் கோடு. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது வருடத்துக்கு முன் யாரோ ஒழுங்காக எழுதி வைத்த ஒரு வரி.

அலுவலகத்தில் அதற்கும் ஒரு கேள்வி வந்தது, அட்சய வருடம் என்றால் எந்த வருடம் என்று. 1986 ஆகஸ்ட் கடைசி என்று பழைய பஞ்சாங்கத்தின் நகலோடு ஒரு விளக்கக் குறிப்பு எழுதி, தேவகோட்டைப் பெரியவரிடமே கையெழுத்து வாங்கி இணைத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். ஹெச்.பி. நீங்கிய பிறகு மற்றதெல்லாம் மூன்றே வாரத்தில் முடிந்தது.

இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

ஐம்பது வருடம் ஆனால் விண்டேஜ் வண்டியாகப் பதிந்துகொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி நானும் கொஞ்ச நாள் கனவு கண்டேன். 2021ல் வந்த அந்த விதி வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர வண்டிகளுக்கும் கார்களுக்கும் மட்டும்தான். லாரி அதில் சேராது. ஓட்ட வேண்டுமானால் மற்ற லாரிகளைப் போல எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்தாக வேண்டும், இந்த வயது வண்டிக்கு வருடா வருடம். 15 வருடம் தாண்டிய வணிக வண்டிகளுக்கு 2022 ஏப்ரலிலிருந்து எஃப்.சி. கட்டணமும் பல மடங்கு ஏறிவிட்டது. இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

வரி பாக்கியைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வண்டி சும்மா நின்றாலும், நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்காவிட்டால் காலாண்டு வரி ஏறிக்கொண்டே இருக்கும். ஆச்சியின் கணவர் பர்மிட்டை ஒப்படைத்து, நிறுத்தக் கடிதம் கொடுத்து, ஒப்புகையையும் பைலில் வைத்திருந்தார். அதனால் எனக்கு இரண்டு காலாண்டோடு போயிற்று.

சேஸிஸ் நம்பர் துருவில் மறைந்திருந்தால் கிரைண்டர் வைக்காதீர்கள். எழுத்து தேய்ந்துவிட்டால் நம்பரைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும், அதற்கப்புறம் யார் சொன்னாலும் எடுபடாது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, பேப்பர் வைத்துப் பென்சிலால் பிரிண்ட் எடுங்கள். எனக்கு மூன்றாவது முயற்சியில் எல்லா எழுத்தும் விழுந்தது.

எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் இல்லாத வண்டியை ரோட்டில் உருட்டவோ கட்டி இழுக்கவோ நினைக்காதீர்கள், லோபெட் டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுவந்தேன். ஏற்றுவதற்கு முன் டயருக்குக் காற்றடிக்கப் போனவனைப் பஞ்சர் கடை அண்ணன் சத்தம் போட்டு நிறுத்தினார். 9.00-20 டயர், லாக் ரிங் போட்ட ரிம், இருபத்தைந்து வருடத் துரு. ரிங் சரியாக உட்காராமல் காற்று ஏறினால் தெறித்து ஆளையே அடிக்கும். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, ரிங்கைச் சுத்தம் செய்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் அவர் காற்றடித்தார். ஆறு சக்கரத்துக்கு ஒரு நாள் முழுக்க ஆனது, அந்த ஒரு நாளை யாரும் மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம்.

லாரி இப்போது காரைக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நிற்கிறது. தை பிறந்ததும் கேபின் மரவேலை. பழைய வீடுகளின் கதவு நிலை வேலை செய்யும் ஆசாரி ஒருவர் வந்து பார்த்து, சட்டத்தை அளந்துகொண்டு போயிருக்கிறார். இடிக்கிற வீட்டுத் தேக்கு கிடைத்தால் போதும், புது மரம் வேண்டாம் என்கிறார். முன் கண்ணாடிக்கான ரப்பர் பீடிங்கும், டேஷ்போர்டில் இருந்த அசல் ஆயில் பிரஷர் மீட்டரும்தான் இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் நாமக்கல் போய்ப் பழைய பட்டறைகளில் தேடப்போகிறேன்.