ஒருபக்கச் சேணமும் ஒன்பதாம் அத்தியாயமும்

ஒன்பதாம் அத்தியாயம் ஒருவழியாக முடிந்தது. கோடை முழுக்க என் உயிரை வாங்கிய அத்தியாயம். வழக்கம்போல முதலில் அண்ணியிடம்தான் கொடுத்தேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இப்போதுதான் இந்த இரண்டு பேரும் புருஷன் பெண்சாதியாகத் தெரிகிறார்கள்" என்றார். அண்ணி எதையும் எளிதில் பாராட்டிவிடுகிற ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் பீற்றிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் நாவல் 1838இல் அமெரிக்காவின் மேற்குக் கோடியில் இருக்கும் ஓரிகனுக்குப் போன மிஷனரிகளைப் பற்றியது. வரலாற்றில் அந்தக் குழுவில் நான்கு தம்பதிகள்: வாக்கர், ஈல்ஸ், ஸ்மித், கிரே. நான்குமே புதுமண ஜோடிகள். ஐந்தாவது ஜோடி என் கைச்சரக்கு. அவர்களை ஊழியத்துக்கு அனுப்பிய மிஷனரி சங்கமான பாஸ்டன் அமெரிக்கன் போர்டு நமக்கும் வேண்டிய இடம்தான். 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் மிஷன் தொடங்கியவர்கள் அவர்களே. கல்யாணமானவர்களை அனுப்புவதையே போர்டு விரும்பியது. ஊழியத்துக்குப் போக ஆசைப்பட்ட பையனுக்கு மனைவி வேண்டும். பெண்ணுக்குக் கணவன் வேண்டும். மெய்ன் மாகாணத்து மேரி ரிச்சர்ட்சனை எல்கானா வாக்கர் வந்து பார்த்த இரண்டே நாளில் நிச்சயமாகிவிட்டது. இருவரும் ஆப்பிரிக்காவில் சூலு மக்களிடம் போவதாக இருந்தது. அங்கே சண்டை மூண்டது. அமெரிக்காவில் 1837இன் பண நெருக்கடியில் போர்டின் கையும் வறண்டது. கடைசியில் ஓரிகன் என்று முடிவாகி, 1838 மார்ச் 5 அன்று கல்யாணம், உடனே பயணம்.

பெண் பார்த்து இரண்டு நாளில் நிச்சயம் என்றால் ஆங்கில வாசகர்கள் வாயைப் பிளப்பார்கள். நம் வீடுகளில் இதற்கு விளக்கமே தேவையில்லை. தமிழில் எழுதுவதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. கிறிஸ்தவக் காதல் கதைகளில் வழக்கமாகக் கடைசி அத்தியாயத்தில்தான் கல்யாணம். அதுவரை தயக்கம், ஜெபம், பிரிவு, ஒரு கடிதம். என் கதையில் இரண்டாம் அத்தியாயத்திலேயே மோதிரம் மாட்டியாயிற்று. காதல் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். அதுவும் எங்கே வைத்து? கூடாரத்தில். அந்தக் குழுவிடம் இருந்தவை இரண்டே கூடாரங்கள். ஒன்றுக்கு இரண்டு தம்பதிகள், நடுவில் ஒரு திரை. வாக்கரும் ஸ்மித்தும் ஒரே துணிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படுத்தார்கள். ஐந்தாவது ஜோடியை நான் எங்கே படுக்க வைப்பது என்பதே முதல் சிக்கல். அவர்களுக்கென்று தனிக் கூடாரம் கொடுத்தால் பயணத்தின் உண்மையே போய்விடும். திரைக்குப் பின்னால் இன்னொரு திரை கட்டினேன்.

இதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1836இல், மருத்துவர் மார்கஸ் விட்மனும் நார்சிஸாவும், ஸ்பால்டிங்கும் எலைசாவும் என இரண்டு மிஷனரித் தம்பதிகள் இதே பாதையில் போனார்கள். அந்த வருடம் ஜூலை 4 அன்று ராக்கி மலையின் சவுத் பாஸ் கணவாயைக் கடந்த முதல் வெள்ளைக்காரப் பெண்கள் நார்சிஸாவும் எலைசாவும்தான். அவர்களும் எல்லோருக்கும் பொதுவான ஒரு கூடாரத்தில்தான் படுத்தார்கள். நார்சிஸாவின் மகள் ஆலிஸ் பிறந்தது 1837 மார்ச் 14. விரல்விட்டு எண்ணத் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. மேரி வாக்கரின் மூத்த மகன் 1838 டிசம்பர் 7இல் பிறந்தான். அப்படியென்றால் ஓரிகன் போய்ச் சேரும்வரை அந்தப் பெண் பிள்ளைத்தாச்சியாகவே குதிரைமேல் இருந்திருக்கிறாள். ஆக, கூடாரத்தில் தாம்பத்தியம் நடந்தது. ஆனால் அதை எழுத இந்த வகைக் கதையில் வழியில்லை. விளக்கை அணைத்துவிட்டு அத்தியாயத்தை முடிக்கலாம். எட்டாம் அத்தியாயத்தில் அதைச் செய்தாயிற்று. மறுபடி மறுபடி விளக்கை அணைத்துக்கொண்டிருந்தால் வாசகருக்கு மின்வெட்டு நினைவுதான் வரும்.

கூடாரத்துக்குள் கிசுகிசுப்பாகப் பேச வைத்துப் பார்த்தேன். பேசினால் பக்கத்துத் திரைக்குக் கேட்கும். கேட்காத அளவுக்குப் பேசினால் இரண்டு பேரும் எதையோ திருடப் போகிறவர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். சண்டை போட வைத்தாலும் அதே கதை. மேரி வாக்கரின் நாட்குறிப்பில், கணவர் இன்னும் கொஞ்சம் அன்பாக நடந்துகொண்டால் மனசு ஆறும் என்கிற ஏக்கம் ஓரிடத்தில் வருகிறது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, எழுதித்தான் வைத்தாள். அதைப் படித்ததும் கூடாரத்தை விட்டுவிட்டேன். திரைக்குள் கிடைக்காத தனிமை வெட்டவெளியில்தான் கிடைக்கும். மிஷனரிகள் ரோமத்தோல் வியாபாரிகளின் சாரியோடு, அதாவது அவர்களுடைய பயணக் கூட்டத்தோடு, சேர்ந்துதான் போனார்கள். அந்தச் சாரி நீளமாகப் போகும். கொஞ்சம் பின்தங்கிவிட்டால் போதும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல். காது கொடுத்துக் கேட்க ஆள் கிடையாது. பேச்செல்லாம் பகலில், குதிரைமேல்.

அங்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டது ஒருபக்கச் சேணம்.

அந்தக் காலத்துப் பெண்கள் குதிரையின் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரமாட்டார்கள். இரண்டு காலும் இடப்பக்கம்தான். வலது முழங்கால் சேணத்தின் முன்கொம்பை வளைத்துக்கொண்டு கிடக்கும். இடது கால் மட்டும் அங்கவடியில், அதாவது கால் வைக்கிற வளையத்தில். இடது தொடையை அமுக்கிப் பிடிக்கிற இரண்டாவது கொம்பு ஐரோப்பாவில் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. என் நாயகி மெய்ன் மாகாணத்துப் பட்டிக்காட்டுப் பெண். அவளுக்குப் பழைய மாதிரிச் சேணத்தைத்தான் கொடுத்தேன், பாவம்.

இதைப் படித்து எழுதினால் போதாது என்று தோன்றியது. வராந்தா பெஞ்சின்மேல் மெத்தையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி, முன்னால் உலக்கையைச் சாய்வாகச் செருகி, வலது காலை அதில் மடித்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இவர் பால் பாக்கெட்டோடு வந்தவர் வாசலிலேயே நின்று, "ஹெல்மெட் எங்கே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பைக்கின் பின்னால் சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து பழகியவள்தானே, இது என்ன பிரமாதம் என்றுதான் நினைத்தேன். பைக்கில் பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு ஆள் இருக்கிறார். இங்கே உலக்கைதான் கதி. கொஞ்ச நேரத்தில் வலது முழங்காலுக்குப் பின்புறம் மரத்துப்போனது. இடுப்பு ஒரு பக்கம் போக, தோள் நேராக நிற்க வேண்டும் என்பதால் முதுகில் ஒரு முறுக்கல். இப்படி நாள் முழுக்க, வயிற்றில் பிள்ளையோடு, மாதக்கணக்கில்!

ஆனால் அந்தப் பெஞ்சில் ஒன்று பிடிபட்டது. இடப்பக்கம் பார்ப்பது சுலபம். உடம்பே அந்தப் பக்கம்தான் சாய்கிறது. வலப்பக்கம் பார்க்க வேண்டுமானால் மெனக்கெட்டுத் திரும்ப வேண்டும். கணவன் எந்தப் பக்கம் குதிரையை ஓட்டி வருவான்? இடப்பக்கம் வந்தால் அவனுடைய அங்கவடி இவள் முழங்காலில் இடிக்கும், பாவாடையில் சிக்கும். அதனால் வலப்பக்கம்தான் வருவான். அப்படியானால் அவள் அவனைப் பார்க்கிற ஒவ்வொரு பார்வையும் வேண்டுமென்றே பார்ப்பது. சும்மா கண்பட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அத்தியாயத்தின் முதல் பாதியில் அவள் திரும்பவே இல்லை. அவன் பேசுகிறான், அவள் குதிரையின் காதுகளைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறாள். பிளாட் ஆற்றங்கரையில்தான் முதல்முறை திரும்புகிறாள். ஒரே வரி. அதைத்தான் அண்ணி பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

அதைவிடப் பெரிய லாபம் குதிரையில் ஏறுவது. இந்தச் சேணத்தில் தானாக ஏறுவது கஷ்டம். ஆண் குனிந்து கையை நீட்ட, அவள் இடது காலை அந்த உள்ளங்கையில் வைத்து, ஒரு கையால் அவன் தோளையும் மறு கையால் கொம்பையும் பிடித்துக்கொண்டு ஒரு எம்பு. ஜெபம் முடிந்து கூடாரம் பிரித்ததும் தினமும் காலையில் இது நடந்தே ஆக வேண்டும். இறங்கும்போதும் ஆள் வேண்டும். கண்டிப்பான போதகர்கூட குறை சொல்ல முடியாத தொடுகை! சண்டை நடந்த மறுநாள் அவள் ஒரு பாறையைத் தேடிப் போய் அதன்மேல் நின்று தானே ஏறிக்கொள்கிறாள். அவன் நீட்டிய கை அப்படியே நிற்கிறது. அதற்கடுத்த நாள் பாறை இருக்கிறது, அவள் அதைத் தாண்டி அவனிடம் வருகிறாள். இதற்குமேல் சமாதான வசனம் எதற்கு? எழுதி வைத்திருந்த ஒன்றரைப் பக்க வசனத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

மூலங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நார்சிஸாவின் கடிதங்களை ஓரிகன் முன்னோடிகள் சங்கம் 1890களில் தன் ஆண்டு வெளியீடுகளில் அச்சிட்டது. ஸ்கேன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்காதீர்கள். ஒரு கடைக்காரர் அதையே அச்செடுத்து, பைண்டு செய்து, நடுவில் பக்கங்களைத் தொலைத்து, பார்சலில் அனுப்பி வைத்தார். திருப்பி அனுப்பினால் தபால் செலவு என் தலையில். அந்தக் கடிதங்களில் காட்டெருமைச் சாணி வறட்டியில் சமைத்த கதை இருக்கிறது. ரொட்டியை வீணாக்காதீர்கள் என்று வீட்டிலிருக்கும் பெண்களுக்கு அவள் சொல்கிற இடம் இருக்கிறது. தங்கை ஹாரியட் கொடுத்த சின்னப் பெட்டியைச் சுமை குறைக்க வழியில் விட்டுவிட வேண்டியிருந்தபோது, அந்தப் பெட்டியோடு பேசுவதுபோல எழுதியிருக்கிறாள். கடைசியில் ரோமத்தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனிக்காரர் ஒருவர் நான் எடுத்து வருகிறேன் என்று வாங்கிக்கொண்டார். பெட்டியை என் நாயகிக்குக் கொடுக்கக் கை துறுதுறுத்தது. நார்சிஸாவின் பெட்டி நார்சிஸாவிடமே இருக்கட்டும்.

இந்த வகை நாவல்கள்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அங்கே குடியிருந்தவர்கள் பின்னணித் திரையில் வரைந்த படம்போல நிற்பார்கள். தம்பதிக்கு ஆபத்து வேண்டுமென்றால் மட்டும் அசைவார்கள். விட்மனின் வையீலட்பூ மிஷன் நிலையம் கையூஸ் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் இருந்தது. 1847இல் தட்டம்மை வந்து அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொண்டுபோனது. விட்மனிடம் மருந்து வாங்கிய வெள்ளைக்காரக் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்தன, கையூஸ் குழந்தைகள் செத்தன. நோயாளி இறந்தால் வைத்தியனைக் கொல்லலாம் என்பது அவர்கள் வழக்கம். நவம்பர் 29இல் தொடங்கிய தாக்குதலில் விட்மன் தம்பதி உட்பட 13 பேர் கொல்லப்பட்டார்கள். 1850இல் ஓரிகன் சிட்டியில் கையூஸ் ஆண்கள் ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். என் கதை 1842லேயே முடிந்துவிடும். அதற்காக இதைத் தெரியாததுபோல எழுத முடியாது. வைத்தியன் வழக்கத்தைப் பதினைந்தாம் அத்தியாயத்தில் ஒரு கையூஸ் பாட்டி நாயகியிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவாள். நாயகி சிரிப்பாள். வாசகர் சிரிக்கமாட்டார்.

இது முடிவதற்குள்ளேயே அடுத்த நாவல் மண்டைக்குள் குடைகிறது. யாழ்ப்பாணம், உடுவில், ஹாரியட் வின்ஸ்லோ 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளி. அதே போர்டு, அதே மாதிரி அவசரக் கல்யாணங்கள். குதிரை இல்லை, கூடாரம் இல்லை, சுவர் இருக்கிறது! போர்டின் மிஷனரி ஹெரால்டு பத்திரிகையின் பழைய இதழ்களில் இலங்கைக் கடிதங்களும் ஓரிகன் கடிதங்களும் அக்கம்பக்கமாக வருவதால், ஒன்றைத் தேடப் போய் இன்னொன்றில் பொழுது போய்விடுகிறது. குறிப்பு நோட்டு ஒன்று அதற்குள் நிறைந்தாயிற்று. அண்ணிக்குத் தெரியாது.

பத்தாம் அத்தியாயத்தில் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ரோமத்தோல் வியாபாரிகளின் சாரி ஓய்வுநாளுக்காக நிற்காது. மிஷனரிகள் பின்தங்கினால் துணையில்லாமல் தனியாக மாட்டிக்கொள்வார்கள். ஓய்வுநாளில் பயணம் செய்வது அவர்கள் மனசாட்சியை உறுத்தியது என்பது நிஜம். என் நாயகன் அன்று குதிரையில் ஏறமாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறான். சாரி நகர்கிறது. அவள் சேணத்துக்குப் பக்கத்தில் நின்று அவன் கைக்காகக் காத்திருக்கிறாள். அவன் எழுந்து வருவானா என்பதை நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. பக்கத்தில் பாறை எதுவும் வைக்கவில்லை.