யூலையிலும் கழற்றாத வின்ரர் ரயர்

கனடாவின் மொன்றியலில் ஏப்ரல் பிறந்துவிட்டால், கராஜில் வின்ரர் (பனிக்கால) ரயரைக் கழற்றிக் கோடை ரயர் பூட்ட நேரம் எடுப்பது கல்யாண மண்டபத்துக்கு நாள் எடுப்பதைப் போலாகிவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு ஏப்ரலில் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. மே மாதத்தில் கிடைத்தபோது நானே போகவில்லை. என்னிடம் வின்ரர் ரயருக்கென்று தனி றிம் (ரயரைப் பூட்டும் உலோகச் சில்லு) இல்லாததால் ஒவ்வொரு முறையும் பழைய ரயரைக் கழற்றி, மற்றதைப் பூட்டி, சமநிலை பார்க்கக் கூலி கொடுக்க வேண்டும். இரண்டு பனிக்காலமே ஓடிய வின்ரர் ரயர்கள் பார்வைக்கு நன்றாக இருக்கும்போது அந்தச் செலவு எதற்கு என்று நினைத்தேன்.

சட்டமும் என்னைத் தடுக்கவில்லை. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் பனிக்கால ரயர் கட்டாயம். 2019 முதல் அந்தக் காலம் டிசம்பர் 1 இலிருந்து மார்ச் 15 வரை. ஆணி பதித்த ரயர்களை மட்டும் மே 1 இற்குப் பின் ஓட்டக் கூடாது. ஆணியில்லாத வின்ரர் ரயரை ஆண்டு முழுவதும் ஓட்டினாலும் யாரும் தண்டம் எழுத மாட்டார்கள். குளிருக்கு இவ்வளவு கண்டிப்பான சட்டம் கோடையைப் பற்றி வாய் திறக்காததை, ஆபத்தில்லை என்பதற்கான சான்றாக எடுத்துக்கொண்டது என் பிழை.

வின்ரர் ரயரின் றப்பர், வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கி மற்ற ரயர்கள் விறைக்கத் தொடங்கும்போதும், மைனஸ் இருபதிலும்கூட, நெகிழ்ந்து வீதியைப் பற்றுவதற்காகச் செய்யப்பட்டது. அதன் முகப்பு முழுவதும் மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனியைக் கடித்துப் பிடிப்பவை அவைதான். யூலை வெயிலில் தார்வீதியின் சூடு 50 பாகையையும் தாண்டும்போது, ஏற்கனவே மென்மையான அந்த றப்பர் மேலும் இளகுகிறது; வெட்டுகளால் பிரிந்த துண்டுகள் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் சாய்ந்து நெளிகின்றன. பள்ளிக்கூடத்தில் மெத்தென்ற அழிறப்பர் எவ்வளவு விரைவாகத் தேய்ந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த யூலையில் ஒரு கல்யாணத்துக்காக ரொறன்ரோ போனோம், ஏறத்தாழ 540 கிலோமீற்றர். காரை வளைவுகளில் திருப்பும்போது ஸ்ரியரிங் சொன்னதை ரயர் ஒரு கணம் பிந்திக் கேட்பதுபோல் இருந்தது. கிங்ஸ்டனுக்கு அருகில் முன்னால் போன பாரவண்டி திடீரென வேகம் குறைத்தபோது நான் பிரேக்கை முழுதாக அழுத்தினேன். காய்ந்த வீதி, நல்ல வெளிச்சம். இருந்தும் அதன் பின்புறத்துக்கு ஒரு கார் நீளம்கூட மிச்சமில்லாமல்தான் எங்கள் கார் நின்றது.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 100 கிலோமீற்றரில் வரும் கார் நல்ல பிடிப்புடன் 39 மீற்றரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிடிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அதற்கு 49 மீற்றர் வேண்டும். பத்து மீற்றர்தானே என்று தோன்றலாம். ஆனால் முதல் கார் நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் இன்னும் 45 கிலோமீற்றர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும்.

இதைச் சொன்னபோது, பல ஆண்டுகளாக என் காரைப் பார்க்கும் கராஜ்கார அண்ணை, "தம்பி, தேய்ஞ்சு எறியப் போற ரயரெண்டால் ஏப்ரல், மேயில ஊருக்குள்ள மெதுவா ஓடி முடிக்கலாம். நல்ல ரயரைக் கோடையில ஓடுறது காசைத் தார்ல தேய்க்கிற மாதிரி" என்றார். முதல் பாதியையும் நான் அரைமனத்துடன்தான் ஏற்கிறேன். தவாளிப்பு, அதாவது முகப்பிலுள்ள பள்ளங்களின் ஆழம், குறைந்த எந்த ரயரும் கோடை மழையில் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும்.

இரண்டாம் பாதி நவம்பரில் விளங்கியது. புதிதில் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் இருந்த தவாளிப்பு, முன்சில்லுகளில் 4 மில்லிமீற்றருக்கு வந்திருந்தது. சட்டம் கேட்பது 1.6 மில்லிமீற்றர்தான் என்றாலும், 4 இற்குக் கீழே போன ரயரைப் பனியில் நம்ப முடியாது. நான்கையும் புதிதாக வாங்கினேன், இம்முறை றிம்முடன். கோடை முழுவதும் பல்கனியில் சும்மா கிடந்த மற்ற நான்கையும் பார்த்து மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கடைச் சிட்டையை மட்டும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார்.