பதவி கிடைக்காத கூட்டாளி

அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோ பற்றிப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் அதன் ஒப்பந்தத்தின் ஐந்தாவது ஷரத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒருவர் மேல் தாக்குதல் நடந்தால் அது எல்லோர் மேலும் நடந்த மாதிரி. சரி, அது போர் வந்தால். அப்படிப் பெரும் போர் வராத எழுபத்து சொச்சம் வருடமும் அந்தக் கூட்டணி எதைச் சமாளித்துக்கொண்டிருந்தது? பெரும்பாலும் மனவருத்தங்களை. அதிலும் முக்கியமாக, கேட்ட தலைமைப் பதவி கிடைக்காத நாட்டின் வருத்தத்தை.

நான் டெல்லி பழைய ராஜேந்திர நகரில் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு சர்வதேச உறவுகள் பாடம் எடுக்கிறேன். தமிழில் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தனியாக ஒரு வகுப்பு. 2024-இல் இத்தாலி நேட்டோவிடம் கோபித்துக்கொண்ட செய்தியைச் சொன்னபோது தூத்துக்குடிப் பையன் ஒருவன், "மேம், ஒரு போஸ்ட்டுக்காக ஒரு நாடே கோவிச்சுக்குமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. "கோவிச்சுக்கும்பா. கோவிச்சுக்கிட்டு வெளியவே போயிருக்காங்க" என்றேன். அன்று பாடத்திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு 1951-க்குப் போய்விட்டோம்.

நேட்டோ தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஐரோப்பாவின் கூட்டுப்படைத் தலைமைக்கு அமெரிக்க ஜெனரல் ஐசன்ஹோவர் வந்தாயிற்று. அடுத்து அட்லாண்டிக் கடலுக்கு ஒரு தலைமைத் தளபதி வேண்டும், அவரும் அமெரிக்க அட்மிரல்தான் என்று முடிவானது. பிரிட்டனில் அப்போதிருந்த அட்லீ அரசு இதை ஏற்றுக்கொண்டிருந்தது. 1951 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்ததும் பிரிட்டனில் பெரிய கொந்தளிப்பு. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சர்ச்சில் நாடாளுமன்றத்தில் விடவே இல்லை. ஜெர்மன் நீர்மூழ்கிகளோடு அந்தக் கடலில் ஆறு வருடம் போராடி, ஆயிரக்கணக்கான மாலுமிகளைப் பறிகொடுத்த நாடு அது. இந்தப் பொறுப்புக்கு ஒரு பிரிட்டிஷ் அட்மிரல்கூடக் கிடைக்கவில்லையா என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த அக்டோபரில் அவரே பிரதமர் ஆகிவிட்டார். 1952 ஜனவரியில் வாஷிங்டன் போய் அமெரிக்க அதிபர் ட்ரூமனிடம் வாதாடினார். பதவி கிடைக்கவில்லை. லிண்ட் மெக்கார்மிக் என்ற அமெரிக்க அட்மிரல், அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் பொறுப்பேற்றார். ஆனால் சர்ச்சில் வெறுங்கையோடு திரும்பவில்லை. தன் கரையோரக் கடலில் பிரிட்டனுக்கு இருந்த கட்டுப்பாடு நூறு பாகம் ஆழக் கோடு வரை, அதாவது ஏறத்தாழ 183 மீட்டர் ஆழம் வரும் இடம் வரை, நீட்டப்பட்டது. (பாகம் என்றதும் தூத்துக்குடிப் பையன் முகம் மலர்ந்தது. அவனுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.) ஆங்கிலக் கால்வாய்க்கென்று தனிக் கட்டளையகம் உருவாகி, அதன் தலைமை பிரிட்டிஷ் அட்மிரலுக்குப் போனது. அதுவும் அட்லாண்டிக் தலைமைக்குச் சமமான தரத்தில். நார்ஃபோக்கில் துணைத் தளபதி பதவியும் பிரிட்டனுக்கு.

அதே 1952-இல் நேட்டோவின் முதல் பொதுச்செயலாளர் ஆனவர் இஸ்மே பிரபு. நைனிதாலில் பிறந்தவர். 1947-இல் இங்கே டெல்லியில் மவுண்ட்பேட்டனுக்குத் தலைமை அலுவலராக இருந்தவர். இன்றைய ராஷ்டிரபதி பவனில் பிரிவினைக் கணக்குகளைப் பார்த்த அந்த இரண்டு பேருமே சில வருடங்களில் நேட்டோவின் உயர்ந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மவுண்ட்பேட்டன் கதைதான் எனக்கு முக்கியம். மத்தியதரைக் கடல் தலைமையும் வேண்டும் என்று பிரிட்டன் கேட்டபோது, 1953-இல் மால்டாவில் அவருக்காக ஒரு கட்டளையகம் திறந்தார்கள். பெயர் பெரிது. அந்தக் கடலில் இருந்த உண்மையான பலமான அமெரிக்காவின் ஆறாவது கப்பற்படையோ அவருக்குக் கீழே வரவில்லை. அது இத்தாலியின் நேபிள்ஸில் இருந்த, நேட்டோவின் தெற்குத் தலைமையை வகித்த அமெரிக்கத் தளபதியிடமே இருந்தது.

இந்த இரண்டு சமாதானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கால்வாய்க் கட்டளையகத்துக்குக் கடல் இருந்தது, துறைமுகம் இருந்தது, நாள்தோறும் செய்ய வேலை இருந்தது. 1994 வரை நீடித்தது. மால்டாவில் கொடுத்தது 1967-இல் மூடப்பட்டது. கூட்டாளிக்கு ஈடாக ஒன்றைக் கொடுக்கும்போது அதில் வேலை இருக்க வேண்டும், தானே முடிவெடுக்கிற அதிகாரம் இருக்க வேண்டும். எந்தத் தலைநகரத்திலும் அதிகாரிகளுக்கு வெறும் நாற்காலி எது, பொறுப்புள்ள நாற்காலி எது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

பிரான்ஸ் விஷயத்தில் இது இன்னும் கசப்பாக நடந்தது. 1958 செப்டம்பரில் பிரான்ஸின் தலைவர் டி கால், அதற்குள் அமெரிக்க அதிபராகிவிட்ட ஐசன்ஹோவருக்கும் பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லனுக்கும் ஒரு குறிப்பு அனுப்பினார். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூவரும் சேர்ந்து உலக விவகாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர் கேட்டது கிடைக்கவில்லை. அடுத்த மார்ச்சில் மத்தியதரைக் கடற்படையை நேட்டோவிடமிருந்து விலக்கிக்கொண்டார். 1966-இல் ஒருங்கிணைந்த ராணுவ அமைப்பிலிருந்தே பிரான்ஸை வெளியே எடுத்தார். தலைமையகங்கள் பிரான்ஸைக் காலி செய்து பெல்ஜியத்துக்குப் போக வேண்டியதாயிற்று. டி கால் பிடிவாதக்காரர், உண்மை. எட்டு வருடம் அந்த வருத்தத்தை அப்படியே விட்டுவைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அப்புறம் பிரெஞ்சு அதிபர் சிராக் காலம். 1995 கடைசியில் பிரான்ஸ் திரும்ப நெருங்கி வந்தது. முழுதாக உள்ளே வர, நேபிள்ஸ் தலைமை ஓர் ஐரோப்பியருக்கு வேண்டும் என்று 1996-இல் அமெரிக்க அதிபர் கிளின்டனிடம் கேட்டார். மறுபடியும் அதே ஆறாவது கப்பற்படை குறுக்கே வந்தது. தன் கப்பல்களை இன்னொரு நாட்டுத் தளபதியிடம் கொடுக்க வாஷிங்டன் தயாராக இல்லை. விவகாரம் பகிரங்கமானதும் இரண்டு பக்கமும் இறங்கிவர வழியில்லாமல் போனது. அறைக்குள்ளே விட்டுக்கொடுக்கலாம், ஊர் பார்க்க எந்தத் தலைவராலும் முடியாது.

2009-இல் அதிபர் சார்க்கோசி ஒருவழியாக பிரான்ஸை உள்ளே கொண்டுவந்தபோது, நேபிள்ஸ் பேச்சையே எடுக்கவில்லை. அதுவரை அமெரிக்கர்கள் வைத்திருந்த வேறொரு உயர் தலைமை பிரான்ஸுக்குக் கிடைத்தது. படைகளை எதிர்காலத்துக்குத் தயார்செய்யும் கட்டளையகம். ஜெனரல் அப்ரியால் அந்த செப்டம்பரில் பொறுப்பேற்றார், அவருக்குப் பின்னும் வரிசையாகப் பிரெஞ்சுக்காரர்களே வந்தார்கள். அது இருக்கும் ஊர் நார்ஃபோக். 1952-இல் எந்தத் தலைமைக்காக சர்ச்சில் மல்லுக்கு நின்றாரோ, அது 2003-இல் கலைக்கப்பட்ட இடத்தில் எழுந்த அமைப்புதான் இது. வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் தாங்களே நோட்டில் அம்புக்குறி போட்டுக்கொண்டார்கள். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

2024-க்கு வருகிறேன். ருமேனியாவின் அதிபர் யோஹானிஸ் பொதுச்செயலாளர் பதவிக்கு நின்றார். பெரிய நாடுகள் முன்பே நெதர்லாந்தின் மார்க் ருட்டே பக்கம் சாய்ந்திருந்தன. ஜூன் 20-ஆம் தேதி யோஹானிஸ் விலகினார். அன்றைக்கே ருமேனியா தன்னிடமிருந்த ஒரு பேட்ரியட் ஏவுகணை அமைப்பை உக்ரைனுக்குத் தருவதாக அறிவித்தது. அதுவரை ருமேனியரான ஜோவானா வகித்த துணைப் பொதுச்செயலாளர் பதவியும் அந்த வருடமே வடக்கு மாசிடோனியாவின் ஷெகெரின்ஸ்காவுக்குப் போனது. உக்ரைனோடு எல்லையைப் பகிர்ந்துகொண்டு, கருங்கடல் கரையில் நிற்கிற நாட்டுக்கு ஒரே வருடத்தில் இரண்டு நாற்காலியும் இல்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை.

இத்தாலி விஷயம் இன்னும் எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடியது. ஜூலையில் வாஷிங்டன் உச்சிமாநாடு, தெற்கு அண்டை நாடுகளுக்கென ஒரு சிறப்புப் பிரதிநிதி வேண்டும் என்று முடிவெடுத்தது. ஆப்பிரிக்காவையும் மத்திய கிழக்கையும் கவனிக்கும் பொறுப்பு. அதற்காகப் பல காலமாகப் பேசிவந்த நாடுகளில் இத்தாலி முன்னணியில் இருந்தது. பதவிக்காலம் முடியப்போகிற நேரத்தில் பொதுச்செயலாளர் ஸ்டோல்டன்பெர்க் அதை ஸ்பெயின்காரரான ஹவியர் கொலோமினாவுக்குக் கொடுத்தார். இத்தாலியத் தூதர் கடிதம் எழுதி அதிருப்தியைத் தெரிவித்தார். சம்பந்தி வீட்டைக் கலக்காமல் முகூர்த்தத் தேதியை அச்சடித்த மாதிரிதான் ரோமில் இதை எடுத்துக்கொண்டார்கள். கொலோமினா தகுதியானவர், அதில் சண்டையே இல்லை. ஆனால் 1951 முதல் நேபிள்ஸில் தன் மண்ணிலேயே அமெரிக்க அட்மிரல்கள் தலைமை வகிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த நாடு அது. புதுப் பொதுச்செயலாளராக ருட்டே அக்டோபரில் வரப்போகிறார் என்று தெரிந்திருந்தும் ஏன் அவசரம்? கொஞ்சம் பொறுத்து, பெயர் வெளிவரும் முன் ரோமுக்கு நேரில் போய்ப் பேசி, அந்தப் பொறுப்புக்குள்ளேயே லிபியாவையோ துனிசியாவையோ இத்தாலி முன்னின்று கவனிக்கட்டும் என்று பிரித்துக் கொடுத்திருக்கலாம்.

"அப்ப இத்தாலியும் வெளிய போயிடுமா மேம்?" என்றான் அந்தப் பையன். போகாது என்றேன். ஆறாவது கப்பற்படையின் தலைமையகம் இன்னும் நேபிள்ஸில்தான் இருக்கிறது.